பாஸ்வேர்ட் கேட்காத பெட்டி

அத்தியாயம் பதினான்கு

மூன்றரை மணிக்குக் கரண்ட் வந்தது.

காலையில் போனது. மழை விட்ட பிறகும் வரவில்லை. இனி இன்றைக்கு இல்லை என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில் வந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி உறுமியது. சுவர்த் தட்டில் இருந்த ரவுட்டரில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகப் பற்றின.

"ராசு, வந்துருச்சு. எடு அந்தப் பொட்டிய," என்றாள் வேலாயி.

கிருஷ்ணராஜ் எழுந்து அலுமாரிக்கு மேலே கையை விட்டான். செவ்வாய்க்கிழமை டுபாயிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து பெட்டி அங்கேதான் இருந்தது. அம்மா வந்த பிறகு பிரிப்போம் என்று சொல்லியிருந்தான். நேற்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி அம்மா வேலாயியும் வந்துவிட்டாள். மகனைக் கையோடு கூட்டிப் போகத்தான் வந்தாள்.

நாளை ஞாயிறு. நாளைக் காலை அவன் தகப்பனின் குழியில் பால் ஊற்ற வேண்டும்.

தகப்பன் சின்னராசா மாசியில் இறந்துபோனார். தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் காலமெல்லாம் கொழுந்து அரைத்த மனிதர். தலைமகன் வெளிநாட்டில் இருந்தான். கம்பெனிக்காரன் பாஸ்போட்டைத் தர மாட்டேன் என்கிறான் என்று போனில் அழுதான். முதல் மண்ணைச் சித்தப்பா மகன் போட்டான். மூன்றாம் நாள் பால் ஊற்றவும் அவன்தான் சொம்போடு வந்தான். வேலாயி சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இத எம் மகன் வந்து ஊத்துவான். அது வரைக்கும் அந்த மனுசன் காத்துக்கிட்டு இருக்கட்டும்."

லயத்தின் வரிசை வீடெல்லாம் பேசியது. பால் ஊற்றாமல் ஒரு மனிதனை மண்ணுக்குள் விட்டுவைப்பதா என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். வேலாயி அசையவில்லை. கருமாதி முடிந்தது. பால் மட்டும் நின்றது.

அந்தச் சொம்பு இப்போது இங்கே இருந்தது. மருமகள் கையால் விளக்கட்டும் என்று துணியில் சுற்றிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

விஜயலெட்சுமி மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றி முன்னறைக்குக் கொண்டுவந்தாள். கிருஷ்ணராஜ் தரையில் சம்மணம் போட்டு அட்டைப்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். கறுப்பாக, நோட்டுக் கொப்பி அளவில், முதுகில் ஒரு குட்டி அன்டெனாவோடு சாமான் வெளியே வந்தது. வயரைச் சுருட்டிக் கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தது.

"டுபாய்லயே வாங்குனதா?" என்று கேட்டாள் வேலாயி.

"ஆமாம்மா. பொறப்படுறதுக்கு முந்தின நாளு. இன்னும் யாரும் கை வைக்கல."

"இதுல என்னா தெரியும்?"

"எல்லாம் தெரியும். இந்தியா சேனலு, லண்டன் சேனலு, கனடா சேனலு. டிஷ் வேணாம். இன்டர்நெட் இருந்தாப் போதும்."

"தகரத்துல ஏற வேணாமா?"

"வேணாம்."

வேலாயி சிரித்தாள். "ஒங்கப்பனுக்கு இது கெடைக்காமப் போச்சே. மழ பேஞ்சா படம் போயிரும். டிஷ்ஷத் திருப்புறேன்னு ஏறி, அடுத்த வீட்டுத் தகரத்த மிதிச்சு ஓட்ட போட்டுட்டு எறங்குவாரு. ஓட்ட போட்ட வீட்டுக்காரியும் திட்ட மாட்டா. படம் வந்துருச்சான்னுதான் கேப்பா."

விஜயலெட்சுமிக்கும் சிரிப்பு வந்தது. மாமி சிரித்து அவள் பார்த்தே நாளாயிற்று. நல்ல வேளை இந்தப் பெட்டி வந்தது என்று நினைத்தாள்.

கிருஷ்ணராஜ் டீவிக்குப் பின்னால் குனிந்தான். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களை ஒவ்வொன்றாகச் செருகினான். டீவி பழையது, ஒரு துவாரம் தளர்ந்திருந்தது. ஸ்குரூ டிரைவர் கேட்டான். விஜயலெட்சுமி எடுத்துக் கொடுத்தாள்.

வேலாயி தேத்தண்ணியை ஊதிக் குடித்தபடி பேசினாள். அவள் பேச்சு எங்கே தொடங்கினாலும் சுற்றி அந்த நாளுக்கே வந்து நிற்கும்.

"கூட்டம்னா அப்பிடிக் கூட்டம். தோட்டத்துல மேக் கணக்கு, கீக் கணக்குன்னு எல்லா லயத்துலயும் இருந்து வந்துட்டாங்க. தொர கூட வந்தாரு. தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. ஒருத்தன் மட்டும் மேல் ரோட்டுல பைக்க நிப்பாட்டிட்டு, ஹெல்மெட்டோட நின்னான். கழட்டவே இல்ல. குழி மூடுற வரைக்கும் நின்னான். சாவுக்கு வந்தவன் தலையில ஏதாச்சும் வச்சிருப்பானா? அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே."

ஸ்குரூ டிரைவர் வழுக்கி டீவியின் முதுகில் கீறியது.

"பாத்துங்க," என்றாள் விஜயலெட்சுமி.

"ஒண்ணும் இல்ல."

அவன் எழுந்து வந்து ரிமோட்டைக் கையில் எடுத்தான். திரை நீலமானது. எழுத்துகள் வந்தன. பக்கத்தில் உள்ள வைஃபைகளைத் தேடுகிறது என்று ஆங்கிலத்தில் போட்டது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது.

"பாஸ்வேர்ட் எங்க இருக்கு?" என்று கேட்டான்.

"ரவுட்டருக்கு அடியில. சீட்டு ஒட்டியிருக்கு. இருங்க, வாசிக்கிறேன்."

நீளமான பாஸ்வேர்ட் அது. எழுத்தும் இலக்கமும் கலந்தது. விஜயலெட்சுமிக்கு மனப்பாடமில்லை. வீட்டுக்குக் கணினி வந்த அன்று ஒருமுறை அடித்தாள். கூட வேலை செய்யும் டீச்சர் சுலோஜனா மடிக்கணினியோடு வந்த அன்று ஒருமுறை. இரண்டு முறையும் பிழைவிட்டுத் திருத்தித்தான் அடித்தாள். அடுத்த முறை சுலோஜனா வந்தபோது மடிக்கணினி கேட்கவே இல்லை. ஒருமுறை உள்ளே விட்டால் அது முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று சுலோஜனா சிரித்தாள்.

விஜயலெட்சுமி ரவுட்டரைத் தட்டிலிருந்து எடுத்துத் திருப்பினாள். வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்க் கண்ணைச் சுருக்கினாள்.

"சொல்லட்டுமா?"

"வந்துருச்சு!" என்றாள் வேலாயி.

விஜயலெட்சுமி திரும்பினாள். திரையில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். வன்னிச் செய்தி. மரத்தடியில் ஜனங்கள், நனைந்த கூடாரங்கள்.

"மாத்து ராசு, மாத்து. பாக்க முடியல."

அவன் மாற்றினான். பாட்டு நிகழ்ச்சி ஒன்று வந்தது.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே," என்றாள் விஜயலெட்சுமி.

"தேவப்படல. புதுப் பெட்டி. அதுவே புடிச்சுக்கும்."

"அதுவேயா?"

"இப்ப வர்றதெல்லாம் அப்பிடித்தான்."

வேலாயி கைதட்டினாள். "கதவத் தட்டாமலே உள்ள வந்துருச்சு பாத்தியா. நம்ம வீட்டு ஆளு மாதிரி."

திரையின் மூலையில் ரவுட்டரின் பெயர் நின்றது. 'ஹம்ஸியா' என்று ஆங்கிலத்தில். கிருஷ்ணராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஏதோ பொத்தானை அழுத்தினான். பெயர் மறைந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கீழ் உதடு உள்ளே போயிருந்தது. கல்யாணமான புதிதில் இருந்தே அவளுக்குத் தெரியும். பயந்தால் அவனுக்கு அப்படித்தான் போகும்.

"இந்த ரவுட்டர் எங்க வாங்குன?" என்றான், டீவியைப் பார்த்தபடி.

"பலீலா குடுத்தாங்க. கீழ்த் தெருவுல இருக்காங்களே, ஒங்க கூட்டாளி இப்றாஹீம் நானாவோட சம்சாரம். அவங்ககிட்ட சும்மா கெடந்துச்சாம்."

"எப்ப?"

"பொங்கலுக்கு முந்தி. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "பழசு. சூடாகும். நாளைக்கு வரும்போது புதுசு ஒண்ணு வாங்கியாறேன். இதத் தூக்கிப் போட்டுருவோம்," என்றான்.

"நல்லாத்தானே வேலை செய்யுது."

"சொல்றதக் கேளு விஜயா. தீப்புடிச்சுரும்."

அவள் ரவுட்டரைத் தட்டில் வைத்தாள். அது சூடாக இல்லை.

~

சமையலறையில் சொம்பு இருந்தது. புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு விளக்க உட்கார்ந்தாள். கை தேய்த்தது. மனம் அந்த நீலத் திரையிலேயே நின்றது.

ஒருமுறை உள்ளே விட்டால் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முன்பின் பாராத ஒன்றை அது எப்படி உள்ளே விட்டது?

அவன் சொன்னதுபோல் புதுப் பெட்டிகள் அப்படியே இருக்கலாம். அவளுக்கு என்ன தெரியும்? தமிழும் சமயமும் படிப்பிக்கிற டீச்சர். டுபாயில் எலக்ட்ரீசியனாக இருந்தவன் அவன்.

அப்படியானால் ஏன் பயந்தான்?

கையைக் கழுவினாள். புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். முன்னறையில் பாட்டு சத்தமாக ஓடியது. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். கிருஷ்ணராஜ் கூட்டி வைத்திருந்தான்.

"ஓ டீச்சர், சொல்லுங்க," என்றாள் பலீலா.

"பலீலா, நீங்க குடுத்த அந்த ரவுட்டரு. அது ஒங்க வீட்டுல இருந்ததா?"

"இல்ல டீச்சர். வீட்டுக்கு எங்க எங்களுக்கு இன்டர்நெட்? அது மொனராகலையில எங்கட ஹம்ஸியா கடையில ஓடினது. இவரு புதுசொண்டு போட்ட. பழச இங்க கொண்டந்து அலுமாரிக்குள்ள வெச்ச. நான்தான் எடுத்து ஒங்களுக்குத் தந்த. இவருக்கு இன்னும் சொல்லவுமில்ல. ஏன், பழுதாப் போச்சா?"

"இல்ல, இல்ல. நல்லா இருக்கு. கடையில வேற யாரும் அத வச்சு வேலை செஞ்சாங்களா?"

"இவரும் ஒரு வேலையாளும்தான். டீவி, டெக்கு எல்லாம் திருத்துற ஆளு. நல்ல கைவேலையாம். டுபாய்ல இருந்து வந்தவராம், தமிழாளு. கடைக்குப் பின்னுக்கு அறையிலதான் தங்கியிருந்த. இப்ப நாலஞ்சு நாளைக்கு முந்தி வேலைய விட்டுட்டாராம். அண்டைலருந்து இவருக்குத் தனிக் கஷ்டம், பைக்குல அங்கயும் இங்கயும் ஓடுறாரு."

"அந்த ஆளு எப்ப வந்தாரு?"

"யாரு?"

"அந்த வேலையாளு."

"கிறிஸ்மஸுக்கு முந்தி. நான் ஆளக் கண்டதில்ல டீச்சர். ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான் கேட்டேன்," என்றாள் விஜயலெட்சுமி.

சற்று முன் அவன் சொன்ன அதே வார்த்தை. அவள் வாயிலிருந்தும் அதே மாதிரி வந்தது.

போனை வைத்த பிறகு மறுபடி சொம்பை எடுத்தாள். ஏற்கனவே பளபளத்த இடத்தையே தேய்த்தாள்.

பொங்கலன்று அவன் பேசினான். அவன் எடுத்தால் போனில் நம்பர் விழாது. இன்டர்நெட் வழியாக எடுக்கிறேன் என்பான். பானை பொங்கும் நேரம் அது. போனைப் பானைக்குப் பக்கத்தில் பிடித்தாள். கேட்டதா என்றாள். கேட்டது என்றான். இங்கே பாலைவனத்தில் இருந்துகொண்டு பொங்கல் சத்தம் கேட்கிறேன் என்றான். அவள் அழுதாள்.

கணினி வந்த பிறகு முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று ஆசைப்பட்டாள். கேமரா உடைந்துவிட்டது என்றான்.

வாசலில் மொனராகலை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. பசறை ரோட்டில் அது ஒரு நாளைக்குப் பல தடவை போகும், வரும். அவள் அதைக் கவனிப்பதே இல்லை.

~

சொம்பைக் கொண்டுபோய் மாமியிடம் கொடுத்தாள். வேலாயி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"முகம் தெரியுது ஆயி. நல்ல கை ஒனக்கு." மகனின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல போயிரணும். பெரட்டு, வேல இல்லாத நாளு, எல்லாரும் வீட்டுல இருப்பாங்க. சொல்லி வச்சிருக்கேன். என்னா பேச்சுப் பேசுனாங்க! அத்தன பேரும் வந்து நிக்கணும். கம்பெனிக்காரன் எம் மகன புடிச்சு வச்சுக்கிட்டான், விட்டிருந்தா அன்னைக்கே பறந்து வந்திருப்பான்னு அவங்க முன்னாடி சொல்லணும்."

கிருஷ்ணராஜ் தலையாட்டினான்.

"என்னங்க," என்றாள் விஜயலெட்சுமி. "கொஞ்சம் பின்னுக்கு வாங்க. தண்ணி டாங்கி வழியுது."

"நீயே பாக்கலாமே."

"வாங்க."

அவன் வந்தான். டாங்கி வழியவில்லை. மழைத் தண்ணீர் கூரையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. பின்னால் மலைச்சரிவு, அதற்கு மேல் மூடுபனி. உள்ளே பாட்டு ஓடியது.

"எப்ப வந்தீங்க?"

"எங்க?"

"இலங்கைக்கு."

"என்னா கேள்வி இது? செவ்வாய்க்கிழமை. நீதானே கதவத் தொறந்த."

"எப்ப வந்தீங்கன்னு கேட்டேன்."

அவன் டாங்கியின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தான். மூடினான்.

"அந்தப் பெட்டி இந்த ரவுட்டர முந்தியே பாத்திருக்கு," என்றாள். "ரவுட்டரு பொங்கலுக்கு முந்தில இருந்து எங்கிட்ட இருக்கு. அதுக்கு முந்தி மொனராகலையில இருந்துச்சு. பலீலாகிட்ட இப்பத்தான் பேசுனேன்."

"நம்ம விசயத்த ஊருக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"ஒண்ணும் சொல்லல. அவங்கதான் சொன்னாங்க. டுபாய்ல இருந்து வந்த ஒரு ஆளு கடைக்குப் பின்னால தங்கியிருந்தாராம். நல்ல கைவேலையாம்."

அவன் சுவரில் சாய்ந்தான். சுவர் ஈரம். சட்டை நனைந்தது. அவன் நகரவில்லை.

"மார்கழில," என்றான்.

அவள் அவன் முன்னால் வந்து நின்றாள்.

"கம்பெனிய மூடிட்டான் விஜயா. காலையில வேலைக்குப் போனா கேட்டுல பூட்டு. பாதி கட்டுன கட்டடம் அப்பிடியே நிக்குது. எல்லாரையும் பஸ்ஸுல ஏத்தி எயாபோட்ல எறக்கி விட்டான். உடுப்பு கூட முழுசா எடுக்க விடல. கையில மாட்டுனது அந்தப் பெட்டி ஒண்ணுதான்."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொல்லத்தான் நெனச்சேன். எயாபோட்ல இருந்து அப்பாவுக்குத்தான் மொத போன் எடுத்தேன். நான் வாயத் தொறக்கல. அதுக்குள்ள, பெரட்டுக் களத்துல கணக்கப்புள்ளகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்டா, எம் மகன் சுப்பவைசர் ஆயிட்டான்னு சொல்லிக்கிட்டு இருந்தேன், நீயே எடுத்துட்டேங்கிறாரு. போன அந்தக் கணக்கப்புள்ள கையில குடுக்குறாரு. நான் என்னா சொல்லுவேன்?"

"சுப்பவைசரா? நீங்களா?"

"நான் எப்பவும் அப்பிடிச் சொல்லல. அவரா சொல்லிக்கிட்டாரு."

"சரி. அவருகிட்ட சொல்ல முடியல. எங்கிட்ட?"

"ரெண்டு மாசத்துல வேற விசா கெடைச்சுரும்னு நெனச்சேன். கெடைச்சா யாருக்குமே தெரியாமப் போயிரும். இப்றாஹீம்தான் எடம் குடுத்தான். அவன் மேல கோவப்படாத."

"அவரு மேல எனக்கு என்னா கோவம்?"

உள்ளே வேலாயி ஏதோ கேட்டுச் சிரித்தாள். டீவிக்காரனோடு பேசுகிறாள். அந்தச் சிரிப்பு கிருஷ்ணராஜின் கழுத்தை இன்னும் கீழே இறக்கியது.

"அப்பா செத்த அன்னைக்கு," என்றாள் விஜயலெட்சுமி. "ஒங்க நம்பரு எங்கிட்ட இல்ல. இன்டர்நெட் வழியா நீங்க எடுக்குற வரைக்கும் காத்திருந்து சொன்னேன். அழுதீங்க. அது மெய்யா?"

"அது மெய்தான்."

"பாஸ்போட்டு?"

"வாய் முந்திருச்சு விஜயா. நீ, வர முடியுமான்னு கேட்ட. ஒடனே வாயில அதுதான் வந்துச்சு. சொன்னப்புறம் எப்பிடி வர்றது? விடியக்காலையில வந்து நின்னா, ராத்திரி டுபாய்ல இருந்தவன் எப்பிடிடா வந்தேன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா சொல்லுறது."

"பொணத்துக்கு முன்னாடியா? அவரு படுத்திருக்காரு. சுத்தி அந்தக் கணக்கப்புள்ள, அந்தச் சனம். எம் மகன் சுப்பவைசருன்னு சொன்ன மனுசன் படுத்திருக்காரு. அங்க நின்னு, இல்லங்க, நான் மொனராகலையில டீவி திருத்துறேன்னு சொல்லவா?"

அவளுக்கு அந்தக் காட்சி தெரிந்தது. அவன் சொன்னது விளங்கியது. விளங்கியதே அவள் ஆத்திரத்தைக் கூட்டியது.

"நாளைக்கு?"

"நாளைக்கு ஊத்திட்டு வந்துர்றேன். அப்புறமா நானே சொல்றேன். ஒருநாளு. ஒரே ஒரு நாளு விடு."

"விட மாட்டேன்."

"விஜயா."

"அவங்க ஒரு சொம்பப் புடிச்சுக்கிட்டு அந்த லயத்தையே எதுத்து நின்னாங்க. நீங்க சொன்ன அந்தப் பாஸ்போட்டு ஒண்ண நம்பி. நாளைக்கு அத்தன பேரு முன்னாடி அவங்க அதையே சொல்லுவாங்க. நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டிக்கிட்டே பாலு ஊத்துவீங்களா? ஒங்கப்பாவுக்கு?"

"நீ சொல்லிருவியா?"

"நான் சொல்ல மாட்டேன். நான் ஏன் சொல்லணும்? நீங்க சொல்லணும். இன்னைக்கே. இல்லாட்டி அந்தச் சொம்பு இந்த வீட்ட விட்டு வெளிய போகாது."

"அம்மா தாங்காது. வேற எதையும் தாங்கும். இத தாங்காது."

"நாலு மாசமா நான் தாங்கிக்கிட்டு இருந்தேனே, அது கணக்கில்லையா?"

"அப்ப நான் இங்க இருந்தேன்னு ஒனக்குத் தெரியாதே. என்னாத்தத் தாங்குன?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

வாசலில் இன்னொரு பஸ் இறங்கிப் போனது. மலையில் எதிரொலித்தது. அவள் அந்தச் சத்தம் போன திசையைப் பார்த்தாள். பசறை, லுணுகலை, பிபிலை, மொனராகலை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ரோட்டு. விமானம் வேண்டாம், பாஸ்போட் வேண்டாம். கையைக் காட்டினால் பஸ் நிற்கும்.

குரலை அடக்கத்தான் பார்த்தாள். அடங்கவில்லை. உள்ளே பாட்டு உச்சத்தில் இருந்தது. அந்தப் பாட்டை நம்பிக் கத்தினாள்.

"பாதி நாளுப் பயணம் கூட இல்லங்க! மொனராகலையில இருந்துக்கிட்டே பெத்த அப்பனுக்கு மண்ணு போட வரல நீங்க!"

'மொனராகலை'யில் பாட்டு இருந்தது. 'அப்பனுக்கு' என்னும்போது இல்லை.

கரண்ட் போயிருந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. கூரைச் சொட்டு மட்டும் கேட்டது. அவள் சொன்ன கடைசி வார்த்தைகள் அந்த அமைதியில் வெளியே நின்றன. திரும்ப எடுக்க வழியில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கேட்டிருக்காது," என்றான் அவன், உதடு மட்டும் அசைய. "காது மந்தம்."

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான்.

முன்னறை மங்கியிருந்தது. மழைக்காலத்துச் சாயந்தர வெளிச்சம் ஜன்னலில் மட்டும் இருந்தது. டீவி கறுத்துப்போய் நின்றது. தட்டில் ரவுட்டரின் விளக்குகள் அணைந்திருந்தன.

வேலாயி நாற்காலியிலேயே இருந்தாள். மடியில் சொம்பு. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். வெறும் டீவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, மெழுகுவர்த்தி எடுத்தாரேன்," என்றாள் விஜயலெட்சுமி.

"வேணாம் ஆயி. வெளிச்சம் வேணாம்."

விஜயலெட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். கிருஷ்ணராஜ் நிலைப்படியைத் தாண்டவில்லை.

வேலாயி சொம்பைத் துணியில் வைத்தாள். ஒரு பக்கம் மடித்தாள். மறுபக்கம் மடித்தாள். முடிச்சுப் போடவில்லை. அப்படியே கையை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

"ராசு," என்றாள்.

"அம்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு மேல் ரோட்டுல, தலையில இருந்ததக் கழட்டாம நின்னது நீயாப்பா?"